துரை வீட்டுத் தபால் பெட்டி

என்னிடமிருந்து ஒரு பட்டுச் சேலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கியவர் வேறு யாருமில்லை, என் சொந்த அத்தை. எனக்கு அப்போது ஒன்பது வயது. சேலை கட்டுகிற வயதில்லைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் கண்டுபிடித்தது யார்? சித்திரை வெயிலில் போத்தனூர் ரயில்வே காலனியை ஒரு சந்து விடாமல் அலசியது யார்? வீட்டில் அத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருத்தர்கூட இந்த நியாயத்தைக் கேட்கவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கொஞ்சம் வயிறு எரியத்தான் செய்கிறது.

அந்தக் காலனி வெள்ளைக்காரன் கட்டியது. கட்டியவன் தன் ஊர் ஞாபகத்திலேயே கட்டிவிட்டுப் போயிருந்தான். ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் ஒரு புகைபோக்கி இருக்கும். கோயமுத்தூர் வெயிலில் எவன் உட்கார்ந்து குளிர் காய்வான் என்று அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. எங்கள் குவாட்டர்ஸ் புகைபோக்கியில் புறாக்கள்தான் குடும்பம் நடத்தின. தெற்குக் கோடியில் துரைமார் இருந்த பெரிய பங்களாக்கள் வரிசையாக நின்றன. நான் சிறுமியாக இருந்த தொண்ணூறுகளில் அவற்றில் பாதி பூட்டிக் கிடந்தன. புதர் மண்டிப்போய், உள்ளே பந்து விழுந்தால்கூடப் பையன்கள் எடுக்கப் போகமாட்டார்கள்.

அப்பா கூட்ஸ் வண்டியில் கார்டு. அவருடைய அப்பாவும் ரயில்வேதான் என்பதால் அப்பா, அத்தை, சித்தப்பா மூன்று பேரும் அந்தக் காலனி மண்ணிலேயே பிறந்து புரண்டவர்கள். சித்தப்பா பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டு எங்களோடுதான் இருந்தார். அத்தையைப் பல்லடம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமா மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்ததும் அப்பா போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அப்போது அத்தைக்கு இருபத்தேழு வயது. இப்போது என் வயதோடு வைத்துப் பார்த்தால் சின்னப் பெண். பாவம், அன்றைக்கு எனக்கு அவர் ஏதோ கிழவி மாதிரித்தான் தெரிந்தார்.

வந்த புதிதில் அத்தை பால் வாங்கப் போவார், என்னைப் பள்ளிக்கூடத்தில் விடுவார். ஒரு நாள் காலையில் எதிர்வீட்டு அம்மா காந்திபுரம் போகப் பையும் குடையுமாகக் கிளம்பினார். படி இறங்கும்போது எதிரே அத்தை வந்துகொண்டிருந்தார். அந்த அம்மா அப்படியே திரும்பி உள்ளே போய், உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி புறப்பட்டார். சகுனத் தடைக்குச் செய்கிற பரிகாரம் அது. கெட்டவர் இல்லை அவர், எங்கள் வீட்டுக்குக் கறிவேப்பிலை கொடுக்கிறவர். ஆனால் அன்றோடு அத்தை கேட்டைத் தாண்டுவதை நிறுத்திவிட்டார். கூட்ஸ் வண்டி ஓட்டுகிறவர்களும் கார்டுகளும் எந்நேரமும் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே இருக்கிற காலனி. யார் முன்னால் போய் நிற்போமோ என்று பயந்து, வீட்டுக்குள்ளேயே கிடந்தார். நான் பள்ளிக்கூடத்துக்குத் தனியாகப் போகப் பழகிக்கொண்டேன்.

அந்த வருஷம் சித்தப்பாவுக்குக் கல்யாணம் கூடியது. பெண் அன்னூர். வைகாசியில் முகூர்த்தம். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் சரிசமமாக நின்று செய்கிற சீர் அது. மாப்பிள்ளைக்கு எவ்வளவு மரியாதையோ அவ்வளவும் அவளுக்கும் உண்டு. புதுப் பட்டு, பூ, மாலை எல்லாம். கூடப்பிறந்தவள் இல்லாதவர்கள் பங்காளி வீட்டுப் பெண்ணையாவது நிறுத்தியாக வேண்டும். சித்தப்பாவுக்குக் கூடப்பிறந்த அக்கா இருந்தார். ஆனால் அவருக்குத் தாலி இல்லை. தாலியில்லாதவர் சீருக்கு நிற்பது வழக்கமில்லை.

பங்காளி வீட்டுப் பெரியவர் என்ற முறையில் பவானியிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவுக்குப் பெரியப்பா மகன் அவர். கல்யாணத்துக்கென்று இரண்டு ஜமக்காளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறங்கி, இணைச்சீருக்குத் தன் தங்கையை நிறுத்திக்கொள்ளலாம் என்று சாதாரணமாகச் சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தப்பா எழுந்து நின்றார்.

“எங்கக்கா நிக்கலீன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாமுங்க. அன்னூருக்குச் சொல்லிப்போடுங்க.”

அதைக் கேட்டு உள்ளறையிலிருந்து அத்தை பேசினார். வெளியே வரவில்லை, கதவுக்குப் பின்னாலிருந்துதான் குரல் வந்தது.

“கிறுக்கனாட்டம் பேசாத தம்பி. நான் நிக்க மாட்டேன். நான் நின்னு, நாளைக்கு உனக்கோ அந்தப் புள்ளைக்கோ ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? என்னால ஆகாது.”

சித்தப்பா சோற்றை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். அம்மா சமையலறையில் மூக்கை உறிஞ்சினார். அப்பா விட்டத்தைப் பார்த்தார். எனக்கு இதெல்லாம் காதில் விழுந்தது, ஆனால் எனக்கு வந்த யோசனை வேறு. பெரியவர்கள் எதற்கு இப்படி அடித்துக்கொள்கிறார்கள், பெண்பிள்ளை ஒருத்திதானே வேண்டும், வீட்டில் நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் நிற்கிறேனே, என்னை ஏன் யாரும் கேட்கமாட்டேன் என்கிறார்கள்? புதுப் பட்டு, பூ, மாலை, மேடை. அடேங்கப்பா! நான் கேட்காமலே கேட்பார்கள் என்று மானஸ்தியாக வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பெரியப்பா பவானிக்குப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிவு கேட்க மறுபடி வருவதாக ஏற்பாடு. அந்த ஞாயிறு காலையில் சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

அவரும் அத்தையும் சின்ன வயதில் ஆடிய விளையாட்டு ஒன்று உண்டாம். பக்கத்துக் குவாட்டர்ஸில் இருந்த ஒரு ஆங்கிலோ இந்தியக் கார்டு வீட்டம்மா சொல்லிக் கொடுத்தது. சீமையில் காட்டிலும் மேட்டிலும் ஒரு பெட்டியை ஒளித்துவைத்துவிட்டு, அதற்கு வழி சொல்கிற துப்புகளை எழுதி விடுவார்களாம். தபால் பெட்டி என்றே அதற்குப் பெயராம். கண்டுபிடிக்கிறவன் கெட்டிக்காரன்.

“காலனிக்குள்ள ஒரு தபால் பெட்டி இருக்குது கண்ணு. ஆரு கண்ணுக்கும் தெரியாது. துப்பு எழுதி வெச்சுப்போட்டேன். மொதச் சீட்டு இந்தா. ஒண்ணும் புரியலீன்னா அத்தையைக் கேளு. வேற ஆரையும் கேக்கப்படாது.”

பெட்டிக்குள் இருப்பது எனக்குத்தான் என்று அவர் சொல்லவில்லை. பிற்பாடு யோசித்துப் பார்த்தால் அதை நானாகவே முடிவு செய்துகொண்டிருக்கிறேன். கைக்கடிகாரம் என்றுகூட முடிவு செய்தாயிற்று.

முதல் சீட்டில் ‘ரயில் ஓடாத தண்டவாளம். அடித்தால் ஊரே எழும்பும்’ என்று இருந்தது. இதற்கு அத்தை எதற்கு? காலனிப் பள்ளிக்கூடத்தில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரே ஓட்டம். கம்பிச் சுற்றில் இரண்டாவது சீட்டு செருகியிருந்தது. ‘அக்கா ஏறினாள், விழுந்தாள். தம்பி அடி வாங்கினான்.’

எந்த அக்கா, எந்தத் தம்பி? கொஞ்ச நேரம் தண்டவாளத்துக்குக் கீழேயே நின்று மண்டையைக் குழப்பிக்கொண்டேன். பிறகு கௌரவத்தை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அத்தை உள்ளறையில் முறத்தை மடியில் வைத்துத் துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சீட்டை வாசித்துக் காட்டினேன். பொறுக்கிக்கொண்டிருந்த விரல் நின்றது. சீட்டை வாங்கி அவரே ஒரு தடவை படித்தார்.

“இதை ஆரு எழுதுனா? உங்க சித்தப்பனா?”

“ஆமாங்க அத்தை. எங்கீங்க அது?”

“ஆடிட்டோரியத்துக்குப் பொறகால ஒரு நாவ மரம் இருக்கும் பாரு. வேண்டாம் வேண்டாம்னு அவன் கத்துனான். நான்தான் கேக்காம ஏறுனேன். கையி ஒடைஞ்சு போச்சு. பாத்துக்கிட்டு நின்னதுக்கு அவனுக்குப் பெல்ட்டுல அடி.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அத்தை சிரித்ததை நான் கவனிக்கக்கூட இல்லை. நாவல் மரத்துக்குப் போக எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுதான் எனக்குக் கவலை.

நாவல் மரத்துப் பொந்தில் மூன்றாவது சீட்டு. பொந்தில் கையை விட்டால் கட்டெறும்பு. கடி வாங்கிக்கொண்டு, சீட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுபடி வீடு. அத்தை இந்தத் தடவை உள்ளறையில் இல்லை. முறத்தைச் சும்மா கையில் பிடித்தபடி வாசல் நிலைப்படியில் நின்றிருந்தார். நான் கொடுப்பதற்குள் சீட்டை வாங்கிப் பிரித்தார். ‘துரைசானி தோட்டம். நாம் வைத்த மாங்காய் அழுகிப்போன இடம். கொடிக்குப் பின்னால் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.’

“அட, தபால் பெட்டி” என்றார் அத்தை. எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. “தெக்கே கடைசி பங்களா. மதில் செவுத்துலயே பதிச்சு வெச்ச பெட்டி. ரோட்டுப் பக்கம் வாயி, தோட்டத்துப் பக்கம் கதவு. நாங்க ரெண்டு பேரும் மாங்காயை அதுக்குள்ள பழுக்கப் போட்டு...”

எனக்கு அவ்வளவு போதும். கடைசி பங்களா, மதில் சுவர். கிளம்பிவிட்டேன்.

“கண்ணு! அங்க போகாத! பொதருக்குள்ள பாம்பு கெடக்கும், நில்லு! ஏய், சொன்னாக் கேளு!”

கேட்கவில்லை. ஓடுகிற பிள்ளைக்குப் பின்னாலிருந்து வருகிற சத்தம் எல்லாம் ஒன்றுதான். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், அத்தை செருப்பில்லாமல் தார் ரோட்டில் ஓடி வந்துகொண்டிருந்தார். முறத்தை எங்கே போட்டார் என்று தெரியவில்லை. அம்மா அப்போது சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாராம். வாயைப் பொத்திக்கொண்டாரே தவிரக் கூப்பிடவில்லை.

தண்ணீர்த் தொட்டி முக்கில் அத்தை என்னை எட்டிப் பிடித்தார். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு சைக்கிள். கடைசி வரிசை குவாட்டர்ஸில் இருந்த டிரைவர் மாமா, காக்கி உடுப்பும் சாப்பாட்டுக் கூடையுமாக டூட்டிக்குப் புறப்பட்டு வந்துகொண்டிருந்தார். அத்தை என் கையைப் பிடித்தபடியே சுற்றுமுற்றும் பார்த்தார். ஒதுங்குவதற்கு ஒரு மரம்கூட இல்லை. தலையைக் குனிந்துகொண்டு அப்படியே நின்றார்.

டிரைவர் மாமா பிரேக் போட்டு ஒரு காலை ஊன்றினார்.

“அம்மணியா! ஊட்ட உட்டு வெளிய வர்றதே இல்லைன்னு சொன்னாங்க. நல்லாருக்கீங்களா? தம்பிக்குக் கண்ணாலம்னு கேள்விப்பட்டேன், நல்லா நடக்கட்டும். ஈரோடு வண்டிக்கு நேரமாச்சுங்க, வாரேன்.”

சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு நேராகப் போனார். வீட்டுக்குத் திரும்பவில்லை. அத்தை அந்த சைக்கிளையே பார்த்துக்கொண்டு நின்றார். சைக்கிள் ஸ்டேஷன் பக்கம் வளைந்து மறைந்த பிறகும் நின்றார். எனக்கு எரிச்சலான எரிச்சல். நடு ரோட்டில் கால் பொசுங்குகிறது, பெட்டியை வேறு யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வது? “வாங்க அத்தை, வெசையா வாங்க” என்று இழுத்தேன். வீட்டுப் பக்கம் இழுப்பார் என்று பார்த்தேன். இல்லை, என்னோடு தெற்கே நடந்தார்.

கடைசி பங்களாவின் இரும்புக் கேட் பாதி விழுந்து கிடந்தது. உள்ளே இடுப்பளவு புதர். ஆனால் கேட்டிலிருந்து மதில் வரைக்கும் ஒரு ஆள் போகிற அகலத்துக்கு யாரோ புதரை வெட்டிச் சுத்தமாக வழி போட்டிருந்தார்கள். வெட்டிய செடி இன்னும் வாடக்கூட இல்லை. அதைப் பார்த்து அத்தை, “திருட்டுப் பயல்” என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அத்தை கொடியை விலக்க, பெட்டி தெரிந்தது. சிவப்புப் பெயிண்ட் உரிந்து துருவேறிய இரும்புக் கதவு. நெற்றியில் ஒரு கிரீடம். நான் இழுத்தேன், காலை மதிலில் உதைத்துக்கொண்டும் இழுத்தேன், அசையவில்லை. அத்தை என்னை நகர்த்திவிட்டுக் கதவின் அடியில் விரலைக் கொடுத்து, கொஞ்சம் மேலே தூக்கி, பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினார். திறந்துகொண்டது.

உள்ளே ஒரு மஞ்சப்பை. கைக்கடிகாரத்துக்கு இவ்வளவு பெரிய பையா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பிரித்தால் சேலை. அரக்குக் கலர் பட்டு, மாம்பழக் கலர் பார்டர்.

ஒரு நிமிஷம் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை ஓட்டமும் எறும்புக்கடியும் இதற்குத்தானா? அத்தை பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணிலிருந்தும் பொலபொலவென்று வந்தது. பாவம், அவரையும் சித்தப்பா ஏமாற்றிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு மண்டையில் பல்பு எரிந்தது. பட்டுச் சேலை! இணைச்சீர்! அத்தை நிற்க மாட்டேன் என்றுவிட்டார். வேறு ஆள் வேண்டும். யார் கெட்டிக்காரி என்று பார்க்கத்தான் சித்தப்பா இந்தப் போட்டியே வைத்திருக்கிறார். ஜெயித்தது நான்!

சேலையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்துப் பறந்தேன். “மண்ணுல பொரளுது கண்ணு, சுருட்டிப் புடி” என்று அத்தை பின்னாலேயே ஓடி வந்தார்.

கூடத்தில் பெரியப்பா வந்து உட்கார்ந்திருந்தார். அப்பாவும் சித்தப்பாவும் எதிரே இருந்தார்கள். நான் நடுவில் போய் நின்று, தரையில் இழுபட்ட முந்தானையை உதறி, “பெரியப்பா, இணைச்சீருக்கு நாந்தானுங்க நிக்கப் போறேன்!” என்றேன்.

பெரியப்பா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “நீ அவனுக்கு மக மொறையாகோணுமடி பொடுசு. கூடப்பொறந்தவதான் நிக்கோணும்.”

அந்த நேரத்தில் அத்தை முன்வாசல் வழியாக உள்ளே வந்தார். தலை கலைந்து, கால் முழுக்கப் புழுதி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கேட்டுக்கு வெளியிலிருந்து அவர் நடந்து வந்ததைப் பார்த்து அப்பா எழுந்துவிட்டார். பெரியப்பாவின் சிரிப்பு நின்றது. அத்தை யாரையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து முந்தானையைப் பிடித்தார்.

“குடு கண்ணு. கிழிச்சுப்போடுவ.”

“தரமாட்டேன். நாந்தானே கண்டுபுடிச்சேன்? இது என்னுது.”

“அது என்ற சேலை. குடு.”

“உங்களுக்கு எதுக்குங்க? நீங்கதான் நிக்க மாட்டேன்னுட்டீங்கல்ல!”

நான் ஒரு முனையை விடவில்லை, அத்தை மறு முனையை விடவில்லை.

“நிப்பேன்” என்றார் அத்தை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார், என்னோடு சண்டை போடுகிற குரலில்தான் சொன்னார். “எந்தம்பிக்கு நான் நிக்காம வேற ஆரு நிப்பா? குடு இங்க.”

சொல்லிவிட்டு ஒரே இழுப்பு. சேலை அவர் கைக்குப் போய்விட்டது. ஓவென்று அழுதேன். யாராவது எனக்காகப் பேசுவார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். அம்மா ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டார், என்னை அல்ல. எல்லாரும் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “அம்மணி, மொதல்ல உக்காந்து தண்ணியக் குடி. மூச்சு வாங்குது பாரு” என்றார். அத்தை குடித்து முடித்ததும், “ஊர்ல ஆராவது கேட்டா நாஞ் சொல்லிக்கறேன்” என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்கு இலை போடச் சொன்னார். என் விஷயத்தை ஒருத்தரும் எடுக்கவே இல்லை.

சாயங்காலம் சித்தப்பா என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து ஐஸ் வாங்கித் தரக் கூட்டிக்கொண்டு போனார். நான் ஐஸைத் தொடவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “பெரிய வேலை செஞ்சுபோட்டே கண்ணு, எங்களால ஆகாத வேலை” என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். திரும்பிப் பார்த்தால் அவ்வளவு பெரிய ஆள் சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார். எனக்குச் சேர வேண்டியதை அத்தை பிடுங்கிக்கொண்டார், தடுக்க முடியவில்லையே என்றுதான் அழுகிறார் என்று எனக்குப் பட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது. என் கோபமெல்லாம் இறங்கிவிட்டது.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதலாகச் சொன்னேன்: “போச்சாதுங்க சித்தப்பா, உடுங்க. உங்க அடுத்த கல்யாணத்துக்கு நான் நிக்கறேன்.”